ஒரே கூரையின் கீழ் ஓவியர், தச்சர், நாடகக் குழு: பொதுப் பட்டறை அமைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தனியாக ஸ்டுடியோ வைத்துக்கொள்ள வாடகை கட்டுப்படியாகாமல் நாலைந்து கலைஞர்கள் சேர்ந்து ஒரு குடோனையோ மூடிக் கிடக்கும் அச்சகத்தையோ எடுக்கிறார்கள். பிறகு ஒரு ஆர்க்கிடெக்டைத் தேடுகிறார்கள். சென்னையில் அப்படி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: “எல்லாத்தையும் மாத்திக்கிற மாதிரி இருக்கணும் சார்.” அந்த வாக்கியத்தைச் சுற்றி வருஷக்கணக்கில் சேர்ந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இங்கே.

மாற்றிக்கொள்ளும் இடம் என்றால் சக்கரம் வைத்த சுவர், மடக்குக் கதவு, அவைதானே?

என் முதல் பட்டறை வேலையில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மேலே தண்டவாளம், அதில் தொங்கும் ஆறு பலகைகள். காலையில் நாலு அறை, மாலையில் ஒரே கூடம். முதல் மாதம் தினமும் நகர்ந்தன. ஐப்பசி மழையில் ப்ளைவுட் ஊதியது. அப்புறம் தண்டவாளம் முழுக்க மரத்தூள் அடைத்துக்கொண்டது. பொங்கலுக்குள் ஆறு பலகைகளும் நின்ற இடத்திலேயே நிலைத்துவிட்டன. ஒன்றில் யாரோ ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். யாரையும் கேட்காமல் ஆணி அடிக்க ஒரு சுவர் கிடைத்திருந்தால் அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும். தண்டவாளத்துக்குக் கொட்டிய பணம் எல்லாம் வீண்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ‘பில்டிங் 20’ என்று ஒரு மரக் கட்டடம் இருந்தது. 1943-ல் ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாகக் கட்டியது. போர் முடிந்து ஆறு மாதத்தில் இடித்துவிடுவதாகத் திட்டம். இடித்தது 1998-ல். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் இயற்பியல்காரர்கள், மொழியியல்காரர்கள், ஒலியியல்காரர்கள் என யார் யாரோ அதில் குடியிருந்தார்கள். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் அறையும் அங்கேதான் இருந்தது. இயற்பியலாளர் ஜெரால்ட் சக்கரியாஸ் அணுக் கடிகாரம் செய்தபோது கருவிக்கு உயரம் போதவில்லை என்று இரண்டு மாடித் தளங்களை வெட்டித் திறந்தார். குழாய்களும் ஒயர்களும் வெளியே தெரியும்படி ஓடியதால் யார் வேண்டுமானாலும் ஒரு கிளை இழுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டடத்தில் நகரும் சுவர் ஒன்றுகூட இல்லை. அறுக்கக்கூடிய சுவர்களும் நிறைய சுமை தாங்கும் தளமும் இருந்தன. “இடிக்கப் போகிற கட்டடம்தானே” என்று மேலிடம் கண்டுகொள்ளாமல் விட்டதும் ஒரு வசதி.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தலைகீழாகச் சொல்வேன். எது மாறவே முடியாதோ அதற்கு முதலில் காசைப் போடுங்கள். உயரம், தரை தாங்கும் எடை, வாசல் அகலம், தண்ணீரும் கழிவுநீரும், மின்சாரம். இவை சரியாக அமைந்தால் மற்றதை நீங்களே மாற்றிக்கொள்வீர்கள். ஆர்க்கிடெக்ட் தேவையில்லை.

இடம் பார்க்கப் போகும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

லாரி எங்கே நிற்கும் என்று. பிறகு ஷட்டரின் அகலம். எட்டடிக்குக் குறைந்தால் மேடை செட்டைத் துண்டு துண்டாக்கித்தான் வெளியே எடுக்க முடியும். அதன்பின் நிமிர்ந்து பாருங்கள். பத்தடி உயரம் அலுவலகத்துக்குச் சரி. பட்டறைக்குப் பதினாறடியாவது இருந்தால், ஒரு ஓரத்தில் பரண் போட்டு மேலே கணினி வேலை, கீழே சாமான் என்று பிரிக்கலாம். உயரம் இருந்தால் பின்னால் தளம் சேர்க்க முடியும். இல்லாத உயரத்தை எந்தக் கொத்தனாராலும் கொடுக்க முடியாது.

பில்லர்களுக்கு இடையே 20 அடிக்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் பில்லரே இல்லாத கூடம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பில்லரில் கயிறு கட்டலாம், ஒயர் இறக்கலாம், அதையே இருவருக்கு நடுவில் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். முழுக்க வெறுமையான கூடத்தில் எங்கே உட்காருவது என்று எல்லாரும் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. அங்கேயே தொடங்கலாமா?

ஓவியமும் தையலும் என்றால் தாராளமாக. சிற்பி இருந்தால் வேண்டாம்.

இந்தியத் தர நிர்ணயப்படி, ஐ.எஸ். 875-ன் இரண்டாம் பகுதியில், வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் பயன்பாட்டுச் சுமைக்குக் கணக்கிடப்படுகிறது. ஏறக்குறைய 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இலகுவான இயந்திரங்கள் ஓடும் இடத்துக்கு 5, நிலையான இருக்கை இல்லாமல் கூட்டம் கூடும் இடத்துக்கும் 5. வீட்டு மாடியைப் போல இரண்டரை மடங்கு. இப்போது கல்லைப் பாருங்கள். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு கல் அரை டன்னைத் தாண்டும். அது நிற்பதோ நாலரை சதுர அடியில். பொங்கல் பானையும் துணிக்கொடியும் தாங்கின மாடி, இதைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பிரான்ஸின் நான்ட் நகரத்துக் கட்டடக் கலைப் பள்ளியைப் பார்க்க வேண்டும். லக்காட்டோன், வஸ்ஸால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 2009-ல் முடிந்தது. தளம் சதுர மீட்டருக்கு ஒரு டன் தாங்கும். கூரை வரை ஏறும் சாய்தளமும் உண்டு. கல்லூரி கேட்ட அறைகளைக் கொடுத்ததோடு, எந்தப் பெயரும் வைக்காத பெரும் பரப்பையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். அலங்காரத்தைக் குறைத்து, மலிவான பொருள்களில் கட்டி மிச்சம் பிடித்ததெல்லாம் பரப்பாகவும் பலமாகவும் போயிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

வடக்கு வெளிச்சம்தான் ஓவியருக்கு நல்லது என்கிறார்களே, சென்னைக்கும் பொருந்துமா?

முக்கால்வாசி பொருந்தும். மீதிக் கால்வாசிதான் மே மாதத்தில் கான்வாஸைச் சுடும்.

ஐரோப்பிய ஆலைகளின் ரம்பப்பல் கூரையை நம் ஊர் மில்களிலும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி வடக்கே பார்த்திருக்கும். அந்த ஊர்களில் சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கேதான் நிற்கும். அதனால் வடக்குக் கண்ணாடியில் ஆண்டு முழுதும் நிழல் விழாத சீரான ஒளி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். கோவை இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே இந்தக் காலம் இன்னும் சில நாள் நீளும்.

நண்பகல் வெயிலைச் சமாளிப்பது சுலபம். ஜூன் மாதத்திலும் அது ஏறக்குறைய தலைக்கு மேலேதான் இருக்கும். ஐந்தடி உயர ஜன்னலுக்கு ஒரு அடி சன்ஷேடு போதும். தொல்லை காலையிலும் மாலையிலும். அப்போது வெயில் பக்கவாட்டில் சாய்ந்து உள்ளே நுழையும், மேலே இருக்கும் சன்ஷேடால் ஒன்றும் ஆகாது. ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பலகைகள் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வடக்கு ஜன்னல் வருஷம் முழுக்க ஒழுங்காக நடந்துகொள்ளும்.

நாடகக்காரர்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் இதெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது கும்மிருட்டு. கறுப்புத் திரைக்குக் கம்பி மட்டும் எல்லா ஜன்னலிலும் அடித்துவிடுங்கள்.

மின்சாரமும் தண்ணீரும் எங்கே வேண்டும் என்று இப்போதே எப்படிச் சொல்வது?

மின்சாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீருக்குச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

மின்சாரம் மேலே ஓடட்டும். கூடத்தின் நீளத்துக்கு இரண்டு கேபிள் ட்ரே, பத்தடிக்கு ஒரு இடத்தில் கீழே இறங்கும் 16 ஆம்பியர் பாயிண்ட், ஒவ்வொரு பகுதிக்கும் தனி எம்.சி.பி., அதாவது சுமை மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச். தரைக்குள் சாக்கெட் பெட்டி பதிக்காதீர்கள், களிமண்ணும் தண்ணீரும் அதில்தான் போய் உட்காரும். த்ரீ பேஸ் இணைப்பு கட்டாயம். மண்பாண்டத்துக்கான சின்ன மின் சூளையே 8 கிலோவாட் இழுக்கும். ஒரே பேஸில் போட்டால் கிட்டத்தட்ட 35 ஆம்பியர். பக்கத்தில் யாராவது வெல்டிங் போட்டால் மொத்தக் கூடமும் இருட்டு.

தண்ணீர்க் குழாயை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம், ஆனால் கழிவுநீர் சரிவைக் கேட்கும். நாலு இஞ்ச் குழாய்க்கு அறுபது அடிக்கு ஒரு அடி இறக்கம் என்று வைத்தால், 30 அடி தள்ளி ஒரு தொட்டி வைக்க அரை அடி இறக்கம் வேண்டும். அதற்குத் தரையைத் தோண்ட வேண்டும், அல்லது உயர்த்த வேண்டும். ஆகவே ஒரு நீளச் சுவரைத் தண்ணீர்ச் சுவர் என்று முடிவு செய்யுங்கள். கழிப்பறை, டீ போடும் மேடை, தூரிகை கழுவும் தொட்டி, மண் பிசையும் தொட்டி எல்லாம் அந்தச் சுவரோடு. சில இடங்களில் குழாயின் வாயை மூடி வைத்துவிட்டால் பிறகு திறந்துகொள்ளலாம்.

மண் தொட்டிக்கும் பிரதான குழாய்க்கும் நடுவில், மண் அடியில் தங்கிவிட ஒரு படிவுத் தொட்டி வையுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்த தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது. அது குழாய்க்குள் போயும் இறுகும்.

சத்தத்தை எப்படித் தடுப்பது? எங்களில் ஒருவர் இசையமைப்பாளர், ஒருவர் தச்சர்.

இருவரையும் கூடத்தின் எதிரெதிர் மூலைக்கு அனுப்பினாலும் தீராது.

சத்தத்தை எடைதான் தடுக்கும், அதோடு இடைவெளி இல்லாமல் இருப்பதும். இரு பக்கமும் பூசிய ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். அதே சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், அதாவது நூறு சதுர அடிக்கு ஒரு சதுர அடி, மொத்தமும் 20 டெசிபலைத் தாண்டாது. கதவுக்கு அடியில் இருக்கும் சந்து போதும், செங்கல்லுக்குச் செலவழித்த பணம் போச்சு. மடக்குச் சுவரில் எத்தனை சந்து என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றம், நெகிழ்வு என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். ஒலிப்பதிவுக்கு ஒரு சின்ன அறை, கனமான சுவர், ரப்பர் ஓரம் வைத்த கதவு. இன்னொரு மூலையில் ரம்பம் ஓடும் அறை, முழுச் சுவரோடும் எக்ஸாஸ்ட் விசிறியோடும். அந்த இரண்டு அறையும் எங்கும் நகராமல் அப்படியே இருக்கட்டும். நடுவில் உள்ள பெரிய கூடம் அதனால்தான் சுதந்திரமாக இருக்கும். முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், அது அறைக்குள் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். பக்கத்து அறைக்குப் போகும் சத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். தீயும் சுலபமாகப் பிடிக்கும்.

மற்ற இடங்களில் சுவர் எந்த உயரம்?

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ‘செஸ்க் பொம்பேயா’ என்று ஒரு பண்பாட்டு மையம். பழைய பீப்பாய்த் தொழிற்சாலை. லீனா போ பார்தி என்ற இத்தாலியில் பிறந்த கட்டடக் கலைஞர் 1977-ல் வேலையை எடுத்து, 1982-ல் அது திறந்தது. அவர் முதன்முதலில் போய்ப் பார்த்தபோதே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கே வந்து பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. மண்பாண்டம், அச்சு, நெசவு போன்ற பட்டறைகளைப் பிரிக்க கான்கிரீட் பிளாக்கில் சுவர் எழுப்பினார். கூரை வரை அல்ல. ஆளுயரத்துக்குச் சற்று மேல். சாந்து பிதுங்கியபடியே விட்டிருக்கிறார்.

அந்த உயரத்தில் ஒரு சூட்சுமம். பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கும், வாசனை வரும், ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். காற்றும் வெளிச்சமும் மேலே தடையில்லாமல் ஓடும். நான் ஏழடி வைக்கிறேன். பிளாக் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் ப்ளைவுட் அடித்துவிடுவேன், ஆணி அடித்துக்கொள்ள.

அப்படியானால் முழுக்க மாறக்கூடிய கட்டடத்தை யாருமே கட்டவில்லையா?

கட்டப் பார்த்தார்கள். 1960-களில் லண்டனில் கட்டடக் கலைஞர் செட்ரிக் பிரைஸ், நாடக இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டோடு சேர்ந்து ‘ஃபன் பேலஸ்’ என்று ஒன்றை வரைந்தார். கிரேன் மேலே ஓட, தளங்களும் சுவர்களும் நாளுக்கு நாள் இடம் மாறும். அது காகிதத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கனவின் சாயல் பாரீஸின் பாம்பிடு கலை மையத்தில் 1977-ல் எழுந்தது. அதை வடிவமைத்த ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் குழாய், லிஃப்ட், படிக்கட்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளி, உள்ளே பில்லரே இல்லாத பெரும் தளங்களை விட்டார்கள். எட்டே ஆண்டுகளில், 1985-ல், அருங்காட்சியகத் தளத்துக்குள் காயே ஆவுலென்டி என்ற கட்டடக் கலைஞர் நிலையான சுவர்கள் வைத்த கூடங்களைக் கட்ட வேண்டியிருந்தது. படம் மாட்ட சுவர் வேண்டுமே.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவர் கட்டிக்கொள்ளவும் பிறகு எடுக்கவும் அந்தத் தளம் இடம் கொடுத்ததே.

தகரக் கூரை. மே மாதம் எப்படித் தாங்குவது?

முதல் யோசனையாக எல்லாரும் ஃபால்ஸ் சீலிங் என்பார்கள். செய்யாதீர்கள். தேடிப் பிடித்த உயரம் போய்விடும், ஒயரும் குழாயும் ஒளிந்துகொள்ளும், எதையும் தொங்கவிட முடியாது. ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு, அடியில் வெப்பத் தடுப்பு, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி, கீழே எதிரெதிர் சுவரில் திறப்பு. ஏ.சி. அந்த மூடிய ஒலிப்பதிவு அறைக்கும் பரணில் உள்ள கணினி இடத்துக்கும் மட்டும். மிச்சப்பேர் மே மாதம் காலை ஆறு மணிக்கு வந்து பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். எப்படியும் அதுதான் நடக்கும்.

தீ பற்றி ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறீர்கள்?

2016 டிசம்பர் 2. அமெரிக்காவின் ஓக்லாண்டில் ‘கோஸ்ட் ஷிப்’ என்று கலைஞர்கள் சேர்ந்து நடத்திய ஒரு குடோன். மாடியில் இசை நிகழ்ச்சி. தீ பிடித்து 36 பேர் இறந்தார்கள். தானாகத் தண்ணீர் பீய்ச்சும் அமைப்பு கிடையாது. மாடிக்கு இருந்த இரண்டு படிகளில் ஒன்று மரப் பலகைத் தட்டுகளை அடுக்கிச் செய்தது, இரண்டுமே நேராக வெளியே கொண்டுபோய் விடவில்லை. உள்ளே பழைய மரச் சாமான், பியானோ, துணி என்று ஒரு புதிர்க்காடு. அவரவர் தேவைக்கு அவரவர் மாற்றிக்கொண்டே போன இடம்தான் அதுவும்.

இதனால்தான் கூடத்தின் நடுவே ஒரு வழி விடச் சொல்கிறேன். ஐந்தடி அகலம், இரு முனையிலும் வெளியே தள்ளித் திறக்கும் கதவு, தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்குள் ஒரு ஸ்டூல்கூட வரக் கூடாது. பரணுக்கு இரும்புப் படி இரண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தலைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடி போட்ட இரும்பு வாளி, பாதித் தண்ணீர், அதில் போடுங்கள்.

வெள்ளம்?

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊரில் தரையோடு எதையும் வைக்கக் கூடாது. மின்சாரம் பிரியும் டி.பி. பாக்ஸ் ஐந்தடிக்கு மேல், சாக்கெட் நாலடியில், கான்வாஸ் அடுக்கு இரண்டடியில் தொடங்கட்டும். கம்ப்ரஸரைப் பரணுக்கு ஏற்ற முடியுமா என்று பாருங்கள்.

நாடகக் குழுவுக்கு மாலையில் முழுக் கூடமும் வேண்டும். பகலில் மற்றவர்கள் வேலை செய்கிறார்கள். எப்படிப் பகிர்வது?

கேள்வியே அடுக்கி வைப்பதைப் பற்றியதுதான். மாற்றுகிற இடம் என்றால் மாற்றியதை எங்கே வைப்பது? மொத்தப் பரப்பில் நாலில் ஒரு பங்கைச் சாமானுக்கு ஒதுக்கச் சொன்னால் எல்லாரும் என்னைச் சண்டைக்காரனைப் போலப் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே அதைப் போதாது என்பார்கள்.

மேசைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே உயரம். நாலுக்கு இரண்டரை அடி என்றால் இருவர் தூக்கிவிடலாம், சேர்த்துப் போட்டால் பெரிய மேசை, வரிசையாகப் போட்டால் மேடை. பூட்டு போடும் சக்கரம் இதற்குச் சரி. சுவருக்கு வேண்டாம் என்றேன், மேசைக்கு வேண்டும். கூடத்தை இருபது நிமிடத்தில் காலி செய்ய முடிகிறதா என்று ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஆனால் நாடகக் குழு மெல்ல வேறு இடம் தேடும். அல்லது மற்றவர்கள் தேடுவார்கள்.

வீட்டுக்காரர் 11 மாத ஒப்பந்தம்தான் தருகிறார். அதற்கு இவ்வளவு செலவு செய்யலாமா?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கப் பிறந்ததுதான் இந்த 11 மாத வழக்கம். முடிந்தால் ஐந்தாண்டு கேட்டுப் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸில் விட்டுக்கொடுத்தாவது காலத்தை நீட்டுங்கள்.

1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னைக் கலைக் கல்லூரியைச் சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக், கைவினைப் பொருள்கள் விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே வெறும் மணல். முதலில் கூரைக் கொட்டகை, பிறகு அவரவர் வசதிக்கு வீடு. நிலம் சொந்தம் என்பதால் அவசரமில்லாமல் மாற்றிக்கொண்டே வர முடிந்தது. இன்று அந்தச் சாலையில் அப்படி நிலம் வாங்குவதை நினைத்துப் பார்க்க முடியாது. அதனால் வாடகைக்காரர் போலவே யோசிப்போம்.

வெல்டிங் வேண்டாம், போல்ட் போடுங்கள். பரண், கேபிள் ட்ரே, ப்ளைவுட், விளக்கு எல்லாம் கழற்றி லாரியில் ஏற்றும்படி இருக்கட்டும். எட்டடி நீளத்துக்கு மேல் எந்தத் துண்டும் வேண்டாம். ஒப்பந்தத்திலேயே எது உங்களுடையது என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தண்ணீர்ச் சுவரும் பிளாக் சுவரும் வீட்டுக்காரருக்கே போகும், அதை வாடகைக் குறைப்பாக முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று: வாசலில் திண்ணை கட்டலாமா? இடம் வீண் என்கிறார் எங்கள் பொருளாளர்.

கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம், மேலே கடப்பா கல், நிழலுக்கு நாலடிச் சாய்ப்பு. உள்ளே தூசி, எண்ணெய் நெடி. டீயை வெளியே வந்துதான் குடிப்பார்கள். மண்ணில் வேலை செய்கிறவரும் மரத்தில் வேலை செய்கிறவரும் அங்கேதான் முதன்முறையாகப் பேசிக்கொள்வார்கள். பொருளாளரிடம், மழைநாளில் லாரியிலிருந்து இறக்கும் சாமானை வைக்கும் மேடை என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான்.